தொட்டுப் பார்க்கும் காட்சிசாலை

நம் தேசத்துக் குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும், பொது இடங்களில் முதன் முதலாக வாசிக்கும் வாக்கியம் அநேகமாக "தொடாதீர்கள்" என்பதாகவே இருக்கும். பூங்காவில் பூவைத் தொடலாகாது. கோயிலில் சிற்பத்தைத் தொடலாகாது. கடையில் பொம்மையைத் தொட்டுவிட்டால் வாங்கித்தான் தீர வேண்டும். பொருட்காட்சிசாலை என்றாலோ கேட்கவே வேண்டியதில்லை. கண்ணாடிக்கு அப்பால் வாளும் கேடயமும் உறங்கும். இப்பால் காவற்காரர் உறங்காமல் நிற்பார். போகட்டும், பள்ளிக்கூடத்திலாவது குழந்தையின் கைக்கு விடுதலை உண்டா? விஞ்ஞானக் கருவிகள் அலமாரியில் இருக்கும். அலமாரிக்குப் பூட்டு இருக்கும். மேலதிகாரி வரும் நாளில் பூட்டு திறக்கும். உபாத்தியாயத் தொழிலில் இருபது வருஷங்களைக் கழித்துவிட்ட எங்களுக்கு இந்தப் பூட்டுகளின் சரித்திரம் நன்றாகத் தெரியும்.

ஆகவே, "தொடுங்கள், அழுத்துங்கள், திருப்புங்கள்" என்று குழந்தைகளை அழைக்கும் காட்சிசாலை ஒன்றைக் குழந்தைகளுடனேயே போய்ப் பார்த்துவர வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு நெடுநாளாக இருந்தது. சென்ற அரையாண்டு விடுமுறையில் அது கைகூடிற்று. பெங்களூரில், கப்பன் பூங்காவை ஒட்டிய கஸ்தூரிபா சாலையில் இருக்கும் விசுவேசுவரய்யா தொழில் விஞ்ஞானக் காட்சிசாலையே நாங்கள் சென்ற இடம்.

குடியாத்தத்தில் காலை ரயில் ஏறினோம். பெரியவர்கள் இருவர், குழந்தைகள் நால்வர். எங்கள் மூத்தவனுக்கு வயது பத்து, இளையவளுக்கு ஆறு. மைத்துனர் மகன் ஒருவன். எட்டு வயதுக்குள் எண்பது வயதுக்குரிய பேச்சு. நான்காவது, எங்கள் தெருவில் எண்ணெய்க் கடை வைத்திருப்பவரின் ஏழு வயது மகள்.

இந்தப் பெண்ணைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வகுப்பில் அவள் வாய் திறப்பதேயில்லை. கேள்வி கேட்டால் கேட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் படிக்கும் பள்ளியார், "குழந்தை மந்தம், எங்கள் பள்ளிக்குச் சரிப்படாது, வேறு இடம் பாருங்கள்" என்று தகப்பனாரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் இடிந்து போனார். எங்கள் பிரயாணத்தைக் கேள்விப்பட்டதும் ஓடி வந்து, "சார், பட்டணத்தப் பாத்தாலாவது வாயத் தொறக்குதா பாக்கலாம். நீங்க கூட்டிக்கினு போங்க" என்றார். வீட்டு அம்மாள் உடனே சம்மதித்து, அவளுக்கும் ஒரு கம்பளிச் சட்டை எடுத்து வைத்தாள்.

ஆம்பூர் தாண்டுவதற்குள் புளியோதரை தீர்ந்தது. ஜோலார்பேட்டையில் முறுக்கும் தீர்ந்தது. பங்காருப்பேட்டையில், கோலார் தங்க வயலுக்குப் பாதை பிரியும் இடம் இதுதான் என்று தெரியாமல் சொல்லி வைத்தார் எதிரே இருந்தவர். உடனே தங்கத்தைக் காட்டும்படி குழந்தைகள் பிடித்துக் கொண்டார்கள். சுரங்கங்களை 2001-ஆம் ஆண்டிலேயே மூடிவிட்டார்கள் என்று சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. கண்டோன்மெண்ட் நிலையத்தில் இறங்கி ஆட்டோ வண்டி ஒன்றில் ஆறு பேரும் எப்படியோ அடங்கினோம். அந்தப் பிரயாணத்தை வருணிக்காமல் விடுவதே நலம்.

காட்சிசாலையின் வெளியே ஆகாய விமானம் ஒன்று நிற்கிறது. 'மாருத்' என்பது அதன் பெயர். கர்ட் டாங்க் என்ற ஜெர்மானிய நிபுணரின் தலைமையில் பெங்களூரிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட ஜெட் போர்விமானம். 1961 ஜூன் மாதத்தில் முதன் முதலாகப் பறந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த மைத்துனர் மகன், "இதையும் தொடலாமா?" என்று கேட்டான். பழக்க தோஷம்.

இந்தச் சாலைக்குப் பெயர் தந்த மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யாவை நம்மவர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கிருஷ்ணராஜ சாகரம் அணையோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறவர் அவர். 1903-இல் பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில், வெள்ளம் வந்தால் தானே திறந்து, வடிந்தால் தானே மூடிக்கொள்ளும் மதகுகளை அமைத்தவர். 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்தவர். 1955-இல் பாரத ரத்னம் பெற்றவர். நூறு வயது கடந்து, 1962 ஏப்ரல் மாதத்தில் காலமானார். அதே ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு இந்தக் கட்டிடத்தைத் திறந்து வைத்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1965 ஜூலையில், மின்சாரத்தைப் பற்றிய முதல் கூடத்துடன் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. இப்போது பல மாடிகள், பல கூடங்கள். 1959-இல் கல்கத்தாவில் திறந்த பிர்லா காட்சிசாலை நம் நாட்டில் இந்த வகைக்கு அண்ணன். பெங்களூர்ச் சாலை தம்பி.

கீழ்த்தளத்தில் யந்திரங்களின் கூடம். மோட்டார் யந்திரம், நீராவி யந்திரம், விமான யந்திரம் எல்லாவற்றையும் நடுவே அறுத்து உள்ளிருப்பதைக் காட்டி வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் உலக்கை போன்ற தண்டு மேலும் கீழும் போய் வருகிறது. அதோடு பிணைந்த சக்கரம் சுழல்கிறது. "நேராய்ப் போவது எப்படி வட்டமாய்ச் சுற்றுகிறது?" என்று மூத்தவன் கேட்டான். பாட்டி வீட்டுத் தையல் யந்திரத்தில் கால் பலகையை மிதித்தால் சக்கரம் சுற்றவில்லையா என்று கேட்க வாயெடுத்தோம். அதற்குள் அவனே, "ஓ, தையல் மெஷின்!" என்று கூவிவிட்டான். கூடத்திலிருந்த பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

ரைட் சகோதரர்களின் விமானத்தை அதன் முழு அளவிலேயே செய்து வைத்திருக்கும் இடம் பையன்களை வெகு நேரம் பிடித்துக்கொண்டது. 1903 டிசம்பர் 17-ஆம் தேதி அது முதன் முதலில் எழும்பியபோது பறந்த தூரம் 120 அடி. பறந்த நேரம் 12 விநாடி. இதைக் கேட்ட மூத்தவன் ஒன்றும் பேசாமல், கூடத்தின் ஒரு கோடியிலிருந்து அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தான். பாதி எண்ணுவதற்குள் சுவர் குறுக்கிட்டது. "இவ்வளவுதானா பறந்தார்கள்!" என்ற அலட்சியம் ஒரு கணம், "இவ்வளவிலிருந்தா ஆரம்பித்தார்கள்!" என்ற ஆச்சரியம் மறு கணம். இரண்டும் அவன் முகத்தில் வந்து போனதைப் பார்த்தோம். பாடப் புத்தகத்தில் 120 அடி என்பது பரீட்சைக்கு முதல் நாள் நெட்டுருப் போடும் ஓர் எண்.

மாடியில், விளையாட்டாகவே விஞ்ஞானம் காட்டும் கூடம். இங்கேதான் சிறு குழந்தைகளின் ராஜ்யம். ஒரு குழாயிலிருந்து காற்று மேல் நோக்கிச் சீறுகிறது. அதன் மேல் ஒரு பந்து விழாமல் மிதக்கிறது. கையால் தட்டினால் தள்ளாடி, மீண்டும் தன் இடத்துக்கே வந்து சேருகிறது. வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறைவு. சுற்றிலும் நிற்கும் காற்று பந்தை உள்ளே தள்ளிக் கொண்டுவந்து விடுகிறது. இன்னொரு மூலையில் இருட்டறை. சுவரில் ஒளியை உண்டு மெல்ல மெல்லக் கக்கும் ஒருவகைப் பூச்சு. பளிச்சென்று வெளிச்சம் அடித்து அணைந்ததும் சுவர் பச்சையாய் மினுமினுக்க, நாம் நின்று மறைத்த இடம் மட்டும் கறுப்பாய்த் தங்கிவிடுகிறது. ஆள் விலகினாலும் நிழல் விலகுவதில்லை! எங்கள் இளையவள் தன் நிழலைச் சுவரில் பார்த்துவிட்டு அறையை விட்டு வர மறுத்தாள். "அது மட்டும் தனியா இருக்குமே, அம்மா" என்பது அவள் வாதம். நிழல் மங்கி மறையும் வரை வீட்டு அம்மாளும் உடன் நின்று அதை வழியனுப்பி வைத்தாள்.

இதற்கிடையே எண்ணெய்க் கடைக்காரர் மகளைக் காணோம் என்று திடுக்கிட்டுத் தேடினோம். அவள் எங்கும் போய்விடவில்லை. இத்தகைய எல்லா விஞ்ஞானச் சாலைகளிலும் காணும் ஓர் எளிய கருவியின் முன் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு தண்டவாளங்கள், ஒரு கோடியில் நெருங்கியும் மறு கோடியில் அகன்றும் இருக்கும். நெருங்கிய பக்கம் தாழ்வு, அகன்ற பக்கம் உயரம். அவற்றின் மேல் உருட்டுவதற்கு ஒரு பொருள்: இரண்டு கூம்புகளை வாயோடு வாய் ஒட்டியது போல, நடுவில் பருத்து, இரு முனையிலும் சிறுத்தது. இதைத் தாழ்ந்த பக்கத்தில் வைத்துக் கையை எடுத்தால், எவரும் தள்ளாமல் அது மேட்டை நோக்கி உருண்டு ஏறுகிறது!

மைத்துனர் மகன் ஒரு தரம் பார்த்து, "மாயம்" என்று தீர்ப்பளித்துவிட்டு அடுத்த கருவிக்குப் போய்விட்டான். மூத்தவன் இரண்டு தரம் பார்த்தான். இந்தப் பெண் நகரவேயில்லை. ஏறியதை எடுத்துக் கீழே வைப்பாள், அது ஏறும், மறுபடி எடுத்து வைப்பாள். பத்துத் தடவை, பதினைந்து தடவை. பிறகு தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டிலைக் கழற்றித் தண்டவாளத்தின் நடுவே குறுக்காக வைத்தாள். அது ஒழுங்காகக் கீழ் நோக்கி உருண்டது. அகன்ற கோடியில் வைத்துப் பார்த்தாள். பாட்டிலின் நீளம் எட்டவில்லை, நடுவே விழுந்துவிட்டது. குனிந்து எடுத்துக்கொண்டாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. திரும்பவும் கூம்பு.

நாங்கள் பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். எவரும் சொல்லிக் கொடுக்காமல், ஒன்றை மாற்றி மற்றதை மாற்றாமல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை ஒரு ஏழு வயதுக் குழந்தை தானே கைக்கொண்டிருக்கிறது. பட்டப்படிப்பில் எங்களுக்கு இதற்கென்று தனி நோட்டுப் புத்தகமும் தனிப் பரீட்சையும் வைத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு கனவான் தம் பிள்ளையுடன் வந்து சேர்ந்தார். மிகவும் நல்ல மனிதர். பலகையில் எழுதியிருந்ததை ஆங்கிலத்தில் உரக்க வாசித்தார். பிறகு எங்கள் பெண் தமிழ்க் குழந்தை என்று தெரிந்துகொண்டு, "பாப்பா, இது ஏன் ஏறுது தெரியுமா? நான் சொல்றேன் கேளு" என்று தொண்டையைச் செருமினார். இன்னும் அரை நிமிஷம் போனால் எல்லாம் பாழ்! வீட்டு அம்மாள் எழுந்து சென்று, "ஐயா, இங்கே காப்பி எங்கே கிடைக்கும்?" என்று மிகுந்த மரியாதையுடன் வினவினாள். அவர் மாடிப்படி வரை கூடவே வந்து, இடப்பக்கம் வலப்பக்கம் எல்லாம் விவரித்தார். அதற்குள் அவருடைய பிள்ளை அவரை வேறொரு கருவிக்கு இழுத்துச் சென்றுவிட்டான். அவருக்கு எங்கள் வந்தனம். காப்பியும் நன்றாகவே இருந்தது.

அந்தப் பெண் இப்போது மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். மோவாயை மேடை விளிம்பில் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தண்டவாளத்தின் மட்டத்துக்குப் பார்வையைக் கொண்டுவந்து, கூம்பின் நடு வயிற்றையே கவனித்தாள். கூம்பு உருண்டது. அவள் எழுந்து எங்களிடம் வந்தாள்.

"சார், அது ஏறல. எறங்குது."

"எறங்குதா?"

"நடு எறங்குது. கம்பி வெலகிக்கினே போவுது, அது உள்ள உள்ள போவுது."

விஷயம் அவ்வளவுதான். தண்டவாளம் அகல அகல, கூம்பு தன் மெலிந்த பாகங்களில் தாங்கி நிற்க நேர்கிறது. ஆகவே அதன் கனத்தின் மையம் தாழ்ந்துகொண்டே போகிறது. தண்டவாளம் ஏறுவதைவிடக் கூம்பு தாழ்வது அதிகம். கண் தண்டவாளத்தைப் பார்த்து ஏமாறுகிறது, கூம்பு ஏமாறவில்லை. இதைக் கண்டு சொன்னவள்தான் மந்தம் என்று பெயர் வாங்கிய குழந்தை. அவளுக்கு நாற்பது நிமிஷம் தேவைப்பட்டது. வகுப்பறையில் ஒரு கேள்விக்கு நாற்பது விநாடி கொடுப்பதே தாராளம்.

குழந்தையின் கைக்கும் புத்திக்கும் உள்ள இந்த உறவு புதிதாகக் கண்டுபிடித்ததன்று. 1907-இல் ரோமாபுரியின் ஏழைத் தெரு ஒன்றில் குழந்தைகள் வீடு திறந்த மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-இல் நம் அடையாற்றுக்கே வந்து, உலக யுத்தம் காரணமாக 1946 வரை இந்நாட்டில் தங்கி, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்கு இதைத்தான் போதித்தார். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் எடுத்துரைத்த ஆதாரக் கல்வியும் கையிலிருந்துதான் ஆரம்பமாயிற்று. அவர் விரும்பியது நூலும் துணியும் விளைவிக்கும் கை. இந்தச் சாலையில் இருப்பது விளையாடும் கை. இரண்டுக்கும் பேதம் உண்டென்பதை மறுக்கவில்லை. ஆனால் பூட்டிய அலமாரிக்கு முன் கைகட்டி நிற்கும் கைக்கு இரண்டுமே விரோதம்.

குழந்தைகளுக்கென்றே ஏற்பட்ட முதல் காட்சிசாலை 1899-இல் அமெரிக்காவில் புரூக்ளினில் திறந்தது. ஜெர்மனியில் மூனிக் நகரத்துச் சாலையில் 1925-லேயே ஜனங்கள் கைப்பிடியைச் சுழற்றியும் பொத்தானை அழுத்தியும் யந்திரங்களை இயக்கிப் பார்த்தார்கள். இவற்றையெல்லாம் விட எங்கள் மனத்தைக் கவர்ந்தது ஸான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கதை. அங்கே 1969-இல் 'எக்ஸ்ப்ளோரடோரியம்' என்ற சாலையைத் தொடங்கிய பிராங்க் ஆப்பன்ஹைமர், அணுகுண்டு செய்தவர்களின் தலைவராக இருந்த ராபர்ட் ஆப்பன்ஹைமரின் தம்பி. தாமும் அவ்வேலையில் இருந்தவர். அரசியல் காரணமாக 1949-இல் சர்வகலாசாலைப் பதவியை இழந்து, மலைநாட்டில் மாடு மேய்த்து, பிறகு அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் உபாத்தியாயரானார். வேண்டிய கருவிகள் இல்லாத பள்ளி. கையில் கிடைத்ததைக் கொண்டு பாடம் நடத்தினார். அந்தப் பாடங்களிலிருந்து வளர்ந்ததே பின்னால் உலகப் புகழ் பெற்ற சாலை. அதன் தச்சுக் கொல்லுப் பட்டறையைக்கூட அவர் மறைத்து வைக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி திறந்தே வைத்தார். தினம் ஆயிரம் கைகள் இழுக்கும் கருவி தேயத்தானே செய்யும்? தேய்ந்ததைச் செப்பனிடும் கொல்லர்தான் இத்தகைய சாலைக்கு உயிர். ஆனால் திறப்பு விழாக்களில் அவருக்கு மாலை போடுவதாகக் காணோம்.

மத்தியானத்துக்கு மேல் வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் மாணவர்கள் வந்தார்கள். வரிசை, ஊதல், எண்ணிக்கை எல்லாம் அமர்க்களம். "தொடாதே! வரிசை கலையாதே!" என்ற குரல், தொடுவதற்கென்றே கட்டிய கூடத்தில் எதிரொலித்தது. பல பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தை விரித்து, பலகையில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் பிரதி செய்துகொண்டிருந்தார்கள்; திரும்பிப் போனதும் கட்டுரை எழுத வேண்டுமாம். இருபது நிமிஷத்தில் ஊதல் கேட்டது, கூடம் காலி. அந்த ஆசிரியரை நாங்கள் குறை கூற மாட்டோம். நூறு பிள்ளைகளை ஒருவரும் காணாமற் போகாமல் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது எத்தகைய பாரம் என்பது சுமந்தவர்க்குத்தான் தெரியும். ஆனால் ஒன்று: கடைசியாகப் போன ஒரு பையன், காற்றில் மிதக்கும் பந்தை ஓடும்போதே ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அன்று அவன் கற்றது அதுதான்.

சாலைக்கு வர முடியாத குழந்தைகளைத் தேடிச் சாலையே போவதும் உண்டு. 1965-இல் கல்கத்தாக் காட்சிசாலையார் ஒரு பஸ்ஸில் கருவிகளை அமைத்து கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பெங்களூரிலிருந்தும் இத்தகைய வண்டிகள் போகின்றன. நம் திருநெல்வேலியில் 1987-இல் ஏற்பட்ட மாவட்ட அறிவியல் மையமும் இந்தப் பெங்களூர் ஸ்தாபனத்தைச் சேர்ந்ததே. ஆயினும் ஓராசிரியர் பள்ளியும், பஸ் போகாத மலைக் கிராமமும் நம் நாட்டில் எத்தனை! குடியாத்தத்திலிருந்து ரயில் இருந்ததால் எங்கள் பெண் வந்தாள். ரயில் இல்லாத ஊரில் தண்டவாளத்தின் மட்டத்துக்குக் குனிந்து பார்க்கக்கூடிய பெண்கள் எத்தனை பேரோ?

போக விரும்பும் வாசகர்களுக்கு இரண்டொரு வார்த்தை. எல்லா மாடிகளையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று புறப்படாதீர்கள். ஆறு ஏழு வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு கூடம் போதும். மூன்றாவதில் காலும் வலிக்கும், கண்ணீரும் வரும். சாப்பாட்டை முடித்துக்கொண்டு மாடி ஏறுவது உத்தமம். குழந்தை எந்தக் கருவியின் முன் நிற்கிறதோ, அதன் அருகே உட்கார இடம் தேடுங்கள். பலகையை வாசிக்கும் ஆவல் பெரியவர்களுக்கு எழுவது இயற்கை, மனத்துக்குள் வாசித்துக்கொள்ளலாம். மாலையில் பூங்காவின் புல்வெளி இருக்கவே இருக்கிறது.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் எண்ணெய்க் கடைக்காரர் வந்தார். "சார், கடையில ரெண்டு புனல் காணோம். கேட்டா, உங்க வீட்டைக் காட்டுது" என்றார். பின்கட்டில் போய்ப் பார்த்தோம். இரண்டு புனல்களையும் வாயோடு வாய் சேர்த்துத் துணியால் இறுகக் கட்டி, துடைப்பக் கட்டையில் ஒன்றும் ஒட்டடைக் கம்பில் ஒன்றுமாக இரண்டு தண்டவாளம் அமைத்து, அகன்ற பக்கத்துக்கு அரைச் செங்கல் வைத்திருந்தாள் அவர் மகள். எங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். செங்கல் உயரம் அதிகமாகிவிட்டது போலும், புனல் ஏறவில்லை. அவள் செங்கலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மணைப்பலகையைச் செருகினாள். புனல் தள்ளாடிக்கொண்டே மேட்டில் ஏறிற்று.

கடைக்காரர் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். "இது எப்பிடிம்மா ஏறுது?" என்று மகளைக் கேட்டார். அவள் தகப்பனாரின் தலையைப் பிடித்துத் தண்டவாளத்தின் மட்டத்துக்குத் தாழ்த்தி, "நீயே பாரு" என்றாள்.